ஒரு வேளைக் கிளப்புச் சாப்பாடு

கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்கா திறந்த புதிது. 1995, 96 இருக்கும். மாயவரம் மணிக்கூண்டுப் பக்கம் நாலு பேர் கூடினால் அந்தப் பேச்சுதான். தாம்பரத்துக்கு மேற்கே, தர்காஸில், கடல் கட்டியிருக்கிறார்களாம். நேரத்துக்கு நேரம் அலை அடிக்குமாம். கட்டியவர் நவோதயா அப்பச்சன். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தோமே 'மை டியர் குட்டிச்சாத்தான்', அந்தப் படத்தை எடுத்தவர் என்றதும் எங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஐஸ்கிரீமைத் திரையிலிருந்து மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டிய மனுஷர், கடலைக் கொண்டுவந்து வைக்க மாட்டாரா? அப்பாயிக்கு மட்டும் பிடிபடவில்லை. "தரங்கம்பாடியில அடிக்காத அலையாடா தாம்பரத்துல அடிக்குது?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "எப்பக் கிளம்புறோம்?" என்றாள்.

அம்மா போட்டிருந்த சீட்டு முடிந்த பணம். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர், வீட்டுக்கும் நோட்டு வைத்திருந்தார். ரயில், பஸ், கிஷ்கிந்தா டிக்கெட், அத்தை வீட்டுக்குப் பழம், கைச்செலவு என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'கிளப்பு, ஒரு வேளை' என்று போட்டு அடியில் கோடு இழுப்பார். மற்ற வேளையெல்லாம் கட்டுச்சோறு, இல்லாவிட்டால் தாம்பரம் சானட்டோரியத்தில் அத்தை சமையல். ஒரே ஒரு வேளைதான் வெளியே. அது எந்தக் கடை, என்ன பலகாரம் என்பதை வீடே கூடி முடிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? ஹோட்டலைக் 'கிளப்பு' என்று சொல்லும் ஒரு கிழவி உங்கள் வீட்டிலும் இருந்திருப்பாள்.

கிளம்புவதற்கு முதல்நாள் ராத்திரி அம்மா புளிக்காய்ச்சல் வைப்பாள். வறுத்த வெந்தயமும் பெருங்காயமும் கொல்லைக் கதவு வரைக்கும் மணக்கும். விடியலில் தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி நல்லெண்ணெய் விட்டு ஆற வைத்து, மோர்மிளகாய் பொரித்து, வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டுவாள். தணலில் வாட்டிய இலைக்கு ஒரு வாசம் உண்டு. அதை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. முகர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

பகல் வண்டி. மீட்டர்கேஜ் தண்டவாளத்தில் பெட்டி ஆடுகிற ஆட்டத்தில் அப்பாயி கண்ணயர்ந்துவிடுவாள். கொள்ளிடம் பாலம் வந்ததும் மட்டும் யாரும் எழுப்பாமலே விழித்து, முந்தானையிலிருந்து ஒரு காசை எடுத்து ஆற்றில் போடுவாள். திருப்பாதிரிப்புலியூர் தாண்டுகிறோம். நெல்லிக்குப்பம் நெருங்கும்போதே சர்க்கரை ஆலையின் பாகு வாடை ஜன்னல் வழியாக வருகிறது. அடுத்தது பண்ருட்டி. மே மாசத்துப் பண்ருட்டியில் ஸ்டேஷனே பலாச்சுளையாக மணக்கிறது. தம்பி கூடைக்காரம்மாவையே பார்க்கிறான். "இது கைச்செலவுல வருமாப்பா?" என்று கேட்கிறான். அப்பா சிரித்துக்கொண்டு சட்டைப்பையில் கை விடுகிறார். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்துவிட்டால் பாயைச் சுருட்ட ஆரம்பிக்கலாம்.

அத்தை வீட்டு மொட்டைமாடியில்தான் மாநாடு. நாள் முழுக்கக் குடித்த வெயிலைத் தரை கக்கும், தண்ணீர் தெளித்துவிட்டுக் கோரைப்பாய் விரிப்பார்கள். தாழப் பறக்கும் விமானத்தின் சத்தத்தில் பேச்சு நின்று நின்று தொடரும். தம்பி புகாரியில் பிரியாணி வேண்டும் என்பான். மவுண்ட் ரோட்டில் 1951-லிருந்து இருக்கிற கடை, ஊரிலேயே அதன் பெயர் அவனுக்கு மனப்பாடம். அக்காவுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலை தாசப்பிரகாஷில் ஐஸ்கிரீம். மாமா சரவண பவன் சாப்பாட்டை விவரிப்பார்; கூட்டு, பொரியல் ஒவ்வொன்றுக்கும் கையால் கிண்ணத்தின் அளவு காட்டுவார், கேட்கிறவர்களுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். அம்மாவிடம் கேட்டால், "எனக்கென்ன, யாராவது கொண்டாந்து வச்சா சரி, நான் உக்காந்தே சாப்பிடணும்" என்பாள். அது எவ்வளவு பெரிய ஆசை என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு அப்பாயி வாயைத் திறந்தாள். "மரம் இருக்குற கிளப்பா பாருங்கடா. இந்த ஊர்ல மூச்சு முட்டுது."

மரம் இருக்கிற ஹோட்டல் என்றால் மெட்ராஸில் அது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்தான். மாமா சொன்ன மாத்திரத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், புகாரிக் கட்சி உட்பட. காரணம் மாமா சொன்ன இன்னொரு தகவல்: அங்கே காரை விட்டு இறங்கவே வேண்டாமாம், கார் ஜன்னலில் தட்டை மாட்டிவிடுவார்களாம். எங்களிடம் கார் இல்லை என்பது அந்த ராத்திரியில் யாருக்கும் நினைப்பில் வரவில்லை.

கிஷ்கிந்தாவைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. போனோம், அலை அடித்தது. அப்பாயி புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு கை தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பே இல்லையே" என்றாள். அக்கா ராட்டினத்தில் ஏறிக் கத்தினாள். எனக்குத் தங்கியிருப்பது வெளியே வந்து சாலையோர நிழலில் பொட்டலம் பிரித்ததுதான். கண் சிவந்து, தலை ஈரமாய், விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறோம். கையில் குளோரின் வாடை, இலையில் நல்லெண்ணெய் வாசனை. இரண்டும் சேர்ந்த அந்தப் புளிசோற்றை அதற்கப்புறம் எங்கேயும் தின்றதில்லை. அம்மா ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பார்த்து மோர்மிளகாய் வைக்கிறாள். அவள் இலை கடைசியில்தான் பிரிகிறது.

மறுநாள் சாயங்காலம் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மின்ரயில் ஏறினோம். கடற்கரை – தாம்பரம் பாதையில் அப்போது மீட்டர்கேஜ் வண்டிதான். 2004-இல்தான் அது நின்றது. நுங்கம்பாக்கத்தில் இறங்கிப் பல்லவன் பஸ் பிடித்து ஜெமினி. பாலத்தை விட்டுக் கதீட்ரல் ரோட்டில் நடந்தால், அந்த வாசல் வந்ததும் வெயில் சட்டென்று குறைகிறது. உள்ளே அத்தனை மரம். வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த பழைய நிலம் அது. உடுப்பிச் சமையலை மெட்ராஸில் பேர்பெறச் செய்த கே. கிருஷ்ண ராவ் 1962-இல் அங்கே இந்த டிரைவ்-இன்னைத் தொடங்கினார். அம்பாசிடரும் பியட்டும் நிழல் பார்த்து நிற்கின்றன. கண்ணாடியை இறக்கிய ஜன்னலில் தட்டு மாட்டியிருக்கிறது. காருக்குள் ஒரு சின்னப்பெண், மடியில் துண்டு விரித்துக்கொண்டு தோசை தின்கிறாள். தம்பி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே மேஜை இருந்தது. அப்பா அவன் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார்.

விலைப்பட்டியலை அப்பா வலப்பக்கத்திலிருந்து படிப்பார். முதலில் விலை, பிறகுதான் பலகாரத்தின் பெயர். அன்றைக்கும் படித்தார். அப்புறம் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவங்கவங்களுக்கு வேணுங்கறதச் சொல்லுங்க" என்றார். அப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. மாமா சொல்லி அனுப்பியிருந்தபடி சன்னா பட்டூரா ஒன்று. அக்காவுக்கு மசால் தோசை, தம்பிக்குக் கட்லெட், எனக்குச் சாம்பார் வடை. அப்பாயிக்கு இட்லியும் காபியும். அம்மா கேட்டது ரவா தோசை. வீட்டில் ரவா தோசை வார்த்தால் சூடு ஆறுவதற்குள் தின்கிற பாக்கியம் வார்க்கிறவளுக்குக் கிடையாது.

பட்டூரா வந்தது. பறங்கிக்காயாக உப்பிக்கொண்டு தட்டுக்கு வெளியே நின்றது. தம்பி விரலால் குத்தினான், ஆவி புஸ்ஸென்று கிளம்பி அப்பாவின் கண்ணாடியில் படிந்தது. ஆளுக்கொரு விள்ளல் பிய்த்தோம். அக்கா தோசையின் முறுகல் ஓரம் எனக்கு, என் வடையில் பாதி அவளுக்கு, கட்லெட்டில் ஒரு மூலை அப்பாயிக்கு. அம்மா முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு சாய்ந்து அவள் சாப்பிடுவதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சர்வர் சட்னி வைக்க வந்தபோது பழக்கத்தில் எழுந்திருக்கப் போனாள், அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்பாயி டவராவில் காபியை ஆற்றி, அண்ணாந்து குடித்துவிட்டுக் கேட்டாள். "இது எம்புட்டுடா?" அப்பா கூசாமல் ஒரு தொகை சொன்னார். மாயவரம் ஸ்டேஷன் காபியைவிடக் குறைவு. "பரவால்லியே, மெட்ராசு" என்று இன்னொன்று சொல்லச் சொன்னாள்.

ஊர் திரும்பும்போது ரயிலில் அப்பா தூக்குவாளியின் மூடியை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார். அதில் அத்தை கொடுத்த முறுக்கை வைத்து, "டேய், உன் டிரைவ்-இன் வந்திருக்குடா" என்றார். விழுப்புரம் வரைக்கும் தம்பி அந்த மூடியில் வைத்துத்தான் எல்லாம் தின்றான்.

2008-இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மூடப்பட்டது. நிலம் அரசுக்குப் போய், 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்காவைக் குறை சொல்ல மாட்டேன், மரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. காலையில் அங்கே நடக்கப் போகிறேன். மேஜை போட்டிருந்த இடம் எது, அந்த அம்பாசிடர் நின்ற நிழல் எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. புல் வெட்டின வாசனைதான் வருகிறது. தாசப்பிரகாஷும் இல்லை. புகாரி இருக்கிறது. தம்பி வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் அங்கே போய் அளவு பார்க்காமல் சொல்கிறான், பாதி மிஞ்சிப்போகிறது, பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறான்.

போன கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தோம். டிக்கெட்டிலேயே மதியச் சாப்பாடு சேர்த்தி. பலகாரங்களை நீளமாகப் பரப்பி வைத்திருந்தார்கள், எது வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல்நாள் ராத்திரி வீட்டில் யாரும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவரவர் தட்டில் அவரவருக்குப் பிடித்தது இருந்தது, யார் கையும் யார் தட்டுக்கும் போகவில்லை. நல்ல சாப்பாடுதான். பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் முட்டி வலி, வரிசையில் நிற்க முடியாது. நான் தட்டு கொண்டுவந்து வைத்தேன். "என்னல்லாம்டா இருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன்.

அப்பாவின் நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்தப் பயணத்தின் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் எதிரே தொகை எழுதியிருக்கிறது. 'கிளப்பு, ஒரு வேளை'க்கு எதிரே தொகையோடு, யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் பேர்பேராக இருக்கிறது. 'அம்மாவுக்கு காபி 2' என்று அப்பாயியின் கணக்கு தனியாக. தன் பெயருக்கு நேரே அவர் எதுவும் எழுதவில்லை.

உங்கள் வீட்டில் ஒரு கிழவி இன்னும் இருந்தால், இந்த விடுமுறைக்குக் கடையை அவளைச் சொல்லச் சொல்லுங்கள். விலை கேட்டால் பாதியைச் சொல்லுங்கள்.