மாத்திரை கேட்டா கொடுக்க மாட்டோம், கோவிச்சுக்காதீங்க

மாசி மகம் நெருங்குது. மலாக்கா டவுனிலிருந்து வெள்ளி ரதம் செங் சன்னாசிமலைக்கு வரும்போது, நாங்களும் வழக்கம்போல தண்ணீர்ப் பந்தல் போடுறோம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும்.

சில வருஷத்துக்கு முன்பு ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில், எங்களோடு தொண்டு செய்த ஐயா ஒருத்தருக்கு வயித்துப்போக்கு. "மாத்திரை இருக்காப்பா?" என்று கேட்டார். எங்க மருந்துப் பெட்டியில் யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த ஆண்டிபயாடிக் கிடந்தது. நல்லெண்ணத்தில்தான் கொடுத்தோம். மூணாம் நாள் கடும் காய்ச்சல், மலத்தில் ரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. மலத்தைப் பரிசோதித்த டாக்டர், நாங்க கொடுத்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்றார். வேறு மருந்து ஏற்றிய பிறகுதான் ஐயா தேறினார். அவர் வீட்டு அம்மா எங்களை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் உறுத்துது.

வயித்துப்போக்கு பெரும்பாலும் தானாகவே நிற்கும். பல நேரம் காரணம் வைரஸ். அதற்கு ஆண்டிபயாடிக் வேலை செய்யாது. தேவையில்லாமல் சாப்பிட்டால் வயிற்றில் உள்ள நல்ல கிருமிகள் சாகும், மருந்துக்கு அடங்காதது மிஞ்சிப் பெருகும். அது கை வழியா, தண்ணீர் வழியா அடுத்தவருக்கும் போகும். 1992-இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற புதிய காலரா கிருமி, அப்போது வழக்கமாகக் கொடுத்த சில மருந்துகளுக்கு அடங்கவில்லை. சீக்கிரமே வங்காளதேசம் வரை பரவியது. தோட்டம், டவுன் என்று கிருமி பார்க்காது.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றுவதுதான். 1971-இல் பங்காவ் அகதி முகாமில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்க வைத்தே காலரா சாவை 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார்.

அதனால் இந்த வருஷம் எங்க பெட்டியில் ஆண்டிபயாடிக் கிடையாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கும். வீட்டில் அது இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 மட்டமான டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் கொடுங்க. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவு, குழந்தைக்கோ பெரியவங்களுக்கோ சோர்வு இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்க. அவர் ஆண்டிபயாடிக் கொடுத்தால் சொன்னபடி சாப்பிடுங்க. மிச்சத்தை யாருக்கும் கொடுக்காதீங்க.

கழிவறைக்குப் போய் வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்க. அன்னதானத்தில் பரிமாறும் நாங்களும் அப்படித்தான். வயிறு சரியில்லாத தொண்டூழியர் அன்று சமையல் பக்கமே வரக்கூடாது என்று முடிவு செய்திருக்கோம்.

ஐயா இந்த வருஷமும் பந்தலுக்கு வர்றார். ஓ.ஆர்.எஸ். கலக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கிட்டார்.

முருகன் துணை.