வந்தவர்களின் வைத்தியம்: கண்டிக் குறிப்பேடு

ஒக்டோபர் 18, புனித லூக்கா திருநாள்

வைத்தியருக்கும் நோயாளருக்கும் உரிய நாளாகத் திருச்சபை இதைக் கொண்டாடுகிறது. லூக்கா வைத்தியராக இருந்தவர் என்பது மரபு. நல்ல சமாரியன் கதை நான்கு நற்செய்திகளில் அவருடையதில் மட்டுமே வருகிறது. கள்வர் அடித்துப் போட்ட ஒருவனை அவனுடைய சொந்த இனத்தார் கண்டும் விலகிப் போகிறார்கள். வேற்றினத்தான் ஒருவன் காயத்தைக் கட்டிச் சத்திரத்தில் சேர்க்கிறான். சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறான்.

கிறிஸ்தவ மருத்துவ அறப்பணியின் மூன்று கடமைகள் இந்தக் கதையில் இருக்கின்றன: யாரென்று கேளாமல் தூக்குவது, தங்க இடம் கொடுப்பது, செலவுக்குப் பொறுப்பேற்பது. மூன்றாவதுதான் எக்காலத்திலும் கடினமானது. காப்புறுதியோ ஊரோ உறவோ இல்லாமல் புலம்பெயர்ந்து வந்தவர் நோயில் விழுந்தால் மீதிச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி, 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலத்திலேயே கண்டிக்கு வந்துவிட்டது.

ஒக்டோபர் 23, வடக்குப் பாதை

கோப்பி பறிக்க வந்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்தின் தென் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறக்குறைய 150 மைல் வறண்ட காடு. கிடைத்த குளத்துத் தண்ணீரைக் குடித்ததால் வாந்திபேதி பரவியது. அம்மையும் காய்ச்சலும் கூடவே வந்தன. நடக்க முடியாதவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள்.

மலைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. ஆள் சேர்த்து வந்த கங்காணி கொடுத்த முற்பணம் தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே கடனாகியிருந்தது. வேலைக்கு இறங்கினால்தான் பேர், அதாவது ஒரு நாள் கூலிக் கணக்கு, விழும். பாதி நாள் நின்றால் அரைப் பேர். காய்ச்சலில் லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், படுத்தவருக்குக் கூலி கிடையாது, வாங்கிய அரிசி மட்டும் கணக்கில் ஏறும். வேலைக்கு உதவாதவர் எனத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் கண்டிப் பட்டணத்தை நோக்கி இறங்கினார்கள்.

ஒக்டோபர் 27, சந்தாவில் நடந்த தர்மம்

அப்படி இறங்கியவர்களை ஏற்ற அமைப்புகளில் ஒன்று பிரெண்ட் இன் நீட் சங்கம். ஆங்கிலேய அதிகாரிகளும் பறங்கியரும் பாதிரிமாரும் சேர்ந்து நடத்திய இந்தச் சங்கம் கொழும்பில் 1831இல் தொடங்கியது. கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் அதே பெயரில் சங்கங்கள் எழுந்தன. கண்டிச் சங்கம் நாதியற்ற நோயாளருக்கு உணவும் மருந்தும் கூரையும் கொடுத்தது. அவர்களில் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர்.

சந்தாவை நம்பி நடக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு பலவீனம் உண்டு. 1847ஐ ஒட்டிக் கோப்பி விலை சரிந்தது. அப்படியான காலத்தில் கொடுப்பவர் கை சுருங்கும், வருகிற நோயாளர் கூட்டமோ பெருகும். யாழ்ப்பாணத்துச் சங்க ஆஸ்பத்திரியின் வரலாறு இதற்கு ஒரு தீர்வைக் காட்டுகிறது. 1850இல் தொடங்கிய அதை 1907இல் அரசு பொறுப்பேற்றது. இன்று அது போதனா வைத்தியசாலை. தர்மம் தொடங்கியதை வரிப்பணம் நிலைநிறுத்தியது.

1854இல் சர்ச் மிஷனரி சங்கம் தமிழ்க் கூலி மிஷன் என்ற பணியைத் தோட்டங்களில் தொடங்கியது. அதன் முதன்மை வேலை போதனையும் பள்ளியும். ஆயினும் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் லயங்களுக்குள் போய், நோயாளியிடம் அவருடைய மொழியிலேயே பேசக்கூடியவர்களாக இருந்தார்கள். தோட்டத் துரைமாரின் உலகத்துக்கும் லயத்துக்கும் இடையில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

இறந்தோரை நினைக்கும் இந்நாளில் கண்டியின் மஹியாவைக் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரிகள் எரியும். இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லரும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். லூல்கந்துரவில் 1867இல் தேயிலை நட்டு, 1892இல் இறந்தவர் அவர். அவருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. வடக்குப் பாதையில் இறந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

அவர்களை எண்ணிப் பார்க்க முயன்றது ஒரு பத்திரிகை. 1841 முதல் 1848 வரை வந்த தொழிலாளரில் நான்கில் ஒருவர், சுமார் 70,000 பேர், மாண்டிருக்கலாம் என்று கொழும்பு ஒப்சர்வர் 1849இல் எழுதியது. கணக்கு மிகையா என்ற விவாதம் இன்றும் உண்டு. ஆனால் அப்பத்திரிகையின் ஆசிரியர் கிறிஸ்தோபர் எலியட் தாமே ஒரு வைத்தியர். பின்னர், 1858இல் அமைந்த சிவில் வைத்தியத் திணைக்களத்துக்குத் தலைமை ஏற்றவர். இறந்தவர்களைக் கணக்கில் கொண்டுவந்ததும் அறப்பணியே. சாவு எண்ணிக்கையான பிறகே சட்டம் பேசத் தொடங்குகிறது.

நவம்பர் 6, சட்டத்தின் காலம்

1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் தோட்ட மாவட்டங்களின் வைத்தியத் தேவையைத் தோட்ட உரிமையாளரின் பணத்தோடு கட்டியது. 1880களின் தொடக்கத்தில் அரசு கூடுதல் பொறுப்பை ஏற்றது. மாவட்ட ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் எழுந்தன. 1912இன் சட்டங்கள் இன்னும் தெளிவானவை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் தோட்டமே கொடுக்க வேண்டும், அந்நாட்களில் அவளை வேலைக்கு இறக்கக் கூடாது என்று அவை விதித்தன. முன்பு இரக்கமுள்ள ஒருவர் கண்ணில் பட்டால் மட்டுமே கிடைத்த ஆதரவு உரிமையாக எழுதப்பட்டது.

எழுதியது எல்லாத் தோட்டத்திலும் நடக்கவில்லை. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைப் பகுதியில் தொடங்கியது. வெறுங்காலோடு கொழுந்து எடுப்பவரின் பாதத் தோல் வழியே நுழையும் இந்தப் புழு, குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். மருந்து கொடுத்தால் புழு விழும், மலசலகூடம் இல்லாத லயத்துக்குத் திரும்பினால் மீண்டும் ஏறும். மருந்தைத் தோட்டங்கள் வரவேற்றன, மலசலகூடம் கட்டும் செலவுக்குப் பலவும் தயங்கின. இலவச மருந்து மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நவம்பர் 15, பிரஜாவுரிமை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டங்களுக்கு வந்தவர்களும் அவர்களின் வாரிசுகளுமான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. இதன் விளைவு வைத்தியத்திலும் தெரிந்தது. தேர்தலில் வாக்களிக்கும் கிராமம் தன் பிரதிநிதியிடம் ஆஸ்பத்திரி கேட்கலாம். வாக்கில்லாத லயம் யாரிடம் கேட்கும்? நாட்டின் மற்றப் பகுதிகளில் இலவச அரச வைத்தியம் வளர்ந்தபோது, தோட்டத்துச் சுகாதாரம் நிர்வாகத்தின் பொறுப்பாகவே நின்றது. பல தோட்டங்களில் வைத்தியர் இல்லை; தோட்ட வைத்திய உதவியாளரே எல்லாம்.

1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது; 1,50,000 பேரின் முடிவைப் பின்னுக்குத் தள்ளியது. எந்த நாட்டுக்குரியவர் என்பது தெரியாமல் காத்திருந்தவர்களுக்கும் பிரசவமும் காசநோயும் வந்தன.

நவம்பர் 24, சத்தியோதயம்

1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வாழ்ந்து வேலை செய்த இடம் அது. ஓரிரு ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் தோட்டங்களைத் தாக்கியது. மாவும் அரிசியும் அரிதாகி, தொழிலாளர் பிள்ளைகளோடு கண்டி, கம்பளை, நாவலப்பிட்டித் தெருக்களில் கையேந்தினார்கள். 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் கூர்மையாக ஏறியது.

அந்த மரணங்களுக்கு மருந்து சோறுதான். சோற்றுக்கு மருந்து கூலியும் உரிமையும். கஸ்பர்ஸ் பிடித்த வழி அதுவே. தோட்டத்து மக்களுக்காக உழைத்த அமைப்புகளை அவர் ஒருங்கிணைத்தார். கூலி, குடியுரிமை, இன நீதி பற்றி ஓயாமல் எழுதினார். 2017இல் இறக்கும்வரை அந்தக் குரல் தாழவில்லை. நோயாளியின் தலைமாட்டில் நிற்பதும் அவர் நோயுற்ற காரணத்தைக் கேட்பதும் ஒரே பணி என்பதைக் கண்டியில் நிலைநாட்டியவர்களில் அவர் முதன்மையானவர்.

டிசெம்பர் 18, சர்வதேச புலம்பெயர்ந்தோர் தினம்

ஐக்கிய அமெரிக்காவில் காப்புறுதியற்ற குடியேறிகள் இன்று நிற்கும் நிலை கோப்பிக் காலத்துக் கண்டியை நினைவூட்டும். அவசரச் சிகிச்சைக்கு வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986இன் சட்டம் சொல்கிறது. ஆனால் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வேண்டிய மருந்தை அது தராது. ஆவணமற்றவர்களுக்கு 2010இன் காப்புறுதிச் சட்டமும் கதவைத் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் தேவாலயங்களின் இலவச கிளினிக்குகள் நிற்கின்றன.

கண்டியில் வந்தவர்களின் வாரிசுகள் இப்போது பிரஜைகள். 2003இன் சட்டம் நாடற்ற நிலைக்கு ஏறக்குறைய முடிவு கட்டியது. கண்டி தேசிய வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி, இன்னும் முழுமை பெறவில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் பெண்ணுக்கு அன்றைய பேர் போகும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், சிங்களத்தில் சொன்ன மருந்து முறை புரியவும் வேண்டும்.

அறப்பணிக்கு இன்றும் வேலை இருக்கிறது: மொழி தெரிந்த ஒருவரை வைத்தியசாலை வாசலில் நிறுத்துவது, பயணச் செலவைக் கொடுப்பது, பிள்ளைகளின் எடையைப் பார்த்துப் பதிவது. இவற்றைச் செய்யும்போதே தமிழ் பேசும் தாதியரை நியமிக்கவும் மீதித் தோட்ட ஆஸ்பத்திரிகளை ஏற்கவும் அரசைக் கேட்க வேண்டும். கண்டியின் இரு நூற்றாண்டு அனுபவம் கற்பிப்பது அதுதான். கருணை முதல் நாளுக்குப் போதும். இரண்டாம் நாளிலிருந்து நோயாளிக்கு வேண்டியது உரிமை.