முன்னிருக்கை

எங்கள் நைனாவுக்கு எழுபத்தாறு வயது. புளியந்தோப்பில் தந்தையை அப்பா என்று அழைக்கும் வீடுகளும் உண்டு. எங்கள் வீட்டில் அவர் நைனாதான். பதினேழு வயதில் கிளீனராக லாரியில் ஏறியவர், முப்பத்தாறு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்துவிட்டு இறங்கினார். பெரியமேட்டுத் தோலும் வேறு பல சரக்குகளும் ஏற்றிக்கொண்டு அவர் மிகுதியும் சென்ற வழி கல்கத்தா வழி. தேசிய நெடுஞ்சாலை 5 என்றிருந்த அதன் எண் 2010இல் 16 ஆனது. அவருக்கு இரண்டு எண்ணும் வேண்டாம்; ‘கல்கத்தா ரோடு’ போதும்.

சென்ற ஆண்டு ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தபடி, “கல்கத்தா ரோட்ட ஒரு தபா பாத்துட்டு வந்துடலாம்” என்றார். கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறினால் ஒரு நாளைக்குச் சற்று மேல், போய்ச் சேர்ந்துவிடலாம் என்றோம். “ரயில்லருந்து ரோடு தெரியாது” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

நாங்கள் மூவர். மூத்தவர் கல்லூரியில் தமிழ் நடத்துபவர். நடுவள் செவிலி. இளையவன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவன். நைனாவின் தொழிலுக்கு அவன்தான் வாரிசு. பயணம் என்று முடிவானதும் எழுந்த கேள்வி, எந்த வண்டி என்பது. நைனாவுக்கு வலது முழங்கால் மடங்குவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புராஸ்டேட் அறுவை சிகிச்சை நடந்தது. இரவில் மூன்று முறையாவது எழுவார். விடுதி விடுதியாக ஏற்றி இறக்குவது அவருக்கும் தொல்லை, எங்களுக்கும் தொல்லை. ஆகவே உறங்கவும் சமைக்கவும் இடமுள்ள வண்டி வேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடில்லை. வேறுபாடெல்லாம் அதன் அளவைப் பற்றியதுதான்.

கண்முன் இரண்டு வகை இருந்தன. ஒன்று, பேருந்துச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட பெரிய கேரவன். கட்டில்கள், குளிர்பதனம், அடுப்பு, நிற்க இடமுள்ள கழிப்பறை எல்லாம் அதில் உண்டு. மற்றொன்று, இருவரிசை இருக்கை கொண்ட பிக்கப் வண்டியின் முதுகில் ஓர் அறையை ஏற்றிவைத்தது. அமெரிக்காவில் இதை டிரக் கேம்பர் என்கிறார்கள். நம் ஊரில் பொலீரோ கேம்பர் என்ற பெயரிலேயே மஹிந்திராவின் பிக்கப் ஒன்று ஓடுகிறது. ஆனால் அதன் முதுகில் மூட்டைதான் இருக்கும், கட்டில் இராது.

இந்த இடத்தில் பாடம் நடத்துபவரின் பழக்கம் குறுக்கிடுகிறது; நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். வண்டியில் குடித்தனம் என்றதும் எங்களுக்கு நினைவில் வந்தது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதாவது நம் தொண்டை நாட்டு நூல். அதில் உப்பு விற்கும் உமணரின் வண்டி ஒன்று வருகிறது. உருளையிலிருந்து கூரை வரை புலவர் ஒன்றையும் விடவில்லை. புல் வேய்ந்த கூரை. வாயிலில் கோழி அடையும் கூடு. தொங்கவிட்ட சிறிய உரல். காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. மாடுகளை ஓட்டுபவளோ கைக்குழந்தையோடிருக்கும் ஒரு பெண். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் அருஞ்சொற்பொருள் சொல்லிக் கடந்து போயிருக்கிறோம். வாடகை வண்டிகளின் விவரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான், அதுவும் ஒரு விவரத்தாள் என்று தோன்றியது. சமையலுக்கு உரல், உணவுக்குக் காடி, முட்டைக்குக் கோழி. ஓட்டுபவரும் வீட்டு ஆளே. புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றில், வண்டியின் அடியில் மாற்றாகக் கட்டிய சேம அச்சும் வருகிறது. நைனா இதைக் கேட்டுவிட்டு, “ஸ்டெப்னி” என்றார்.

அவருடைய வீடும் அத்தகையதுதான். அக்காலத்தில் எண்ணூர் பக்கம் போனவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலையிலிருந்து, கூரையும் கதவும் இல்லாத வெறும் சேஸிஸ்கள் வரிசையாக வெளியே வரும். நான்கு சக்கரம், இயந்திரம், ஸ்டியரிங். ஓர் இருக்கையில், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் ஆள். வெயிலிலும் மழையிலும் அப்படியே ஓட்டிக்கொண்டு நாமக்கல், திருச்செங்கோடு என்று பாடி கட்டும் பட்டறைகளுக்குப் போவார்கள். கேபினைக் கட்டுவது தச்சர் வேலை. இருக்கைக்குப் பின்னால் படுக்க ஒரு பலகை, சாமி படத்துக்கு ஒரு மாடம், ஸ்டவ்வும் அரிசியும் வைக்க வெளிப்புறத்தில் ஒரு பெட்டி. ஓட்டுநர் தன் உயரத்துக்கேற்பப் பலகையின் நீளத்தைச் சொல்லிச் செய்துகொள்வதும் உண்டு. நைனாவின் பலகை ஐந்தடி எட்டங்குலம். மாதத்தில் இருபது நாள் அவர் உறங்கியது அதில்தான். எங்கள் தாயார் விரித்த பாயில் உறங்கியது குறைவு. அதில் குளிர்பதனமும் கிடையாது. புதிதாகச் செய்யப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினுக்கு அது கட்டாயமானதே 2025 அக்டோபரில்தான்.

இளையவனின் முதல் யோசனை இதிலிருந்து பிறந்தது. பழைய டாட்டா 407 ஒன்றை வாங்கி, மாதவரத்தில் தெரிந்த பட்டறையில் பின்னால் ஓர் அறை கட்டிவிடலாம் என்றான். சட்டம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. குடியிருப்பு வண்டிகளுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தரநிலை தனியாக இருக்கிறது. தச்சரிடம் பலகையின் நீளத்தைச் சொல்லி வீடு செய்துகொண்ட காலம் நைனாவோடு முடிந்துவிட்டது. வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

பெங்களூருவில் இரண்டு வகையையும் வாடகைக்கு விடும் ஓரிடத்துக்கு நைனாவையும் அழைத்துக்கொண்டு போனோம். பெரிய வண்டியில் ஏறியதும் நடுவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. கட்டிலிலிருந்து அதற்கு நான்கே எட்டு. செவிலியின் கண்ணுக்கு வேறென்ன வேண்டும்? நைனா கட்டிலில் அமர்ந்து பார்த்தார். சன்னல் திரையை விலக்கினார், பக்கவாட்டில் தெரிந்த மதிலைச் சற்று நேரம் பார்த்தார். ஓட்டுநர் இருக்கைக்கும் இதற்கும் இடையே ஒரு தடுப்பு இருந்தது. அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஓட்டுநரிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்? கழிவை எங்கே கொட்டுவாய்?

முதல் கேள்விக்கு விடை முந்நூறு லிட்டர் என்று வந்தது. இரண்டாவதற்கு அவர் சிரித்தார். இந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தோம். மேல்நாடுகளில் இத்தகைய வண்டிகள் நின்று, மின்சாரம் பெற்று, கழிவை முறையாக வெளியேற்றத் தனி இடங்கள் இருக்கின்றன. பெரிய வண்டி என்பது அந்த இடங்களையும் சேர்த்துத்தான். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, 2022இல் வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. நாங்கள் விசாரித்த வரையில் கல்கத்தா வழியில் அப்படி ஒன்று தட்டுப்படவில்லை. அங்கே நிற்க இடம் என்றால் பெட்ரோல் பங்க், தாபா, லாரிகள் ஒதுங்கும் ஓரம். லாரி ஒதுங்கும் இடத்தில் லாரியின் அளவில் இருப்பதுதான் மரியாதை என்பது நைனாவின் கட்சி.

இன்னொன்றும் இருந்தது. பெரிய வண்டியை இளையவன் ஓட்ட முடியாது. அவர்கள் தம் ஓட்டுநரோடுதான் அனுப்புவார்கள். சிறிய வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் அடங்குவதால் சாதாரண உரிமம் போதும். முப்பத்தாறு ஆண்டுகள் அந்தச் சாலையை ஓட்டிய மனிதரை, முன்பின் அறியாத ஒருவர் ஓட்ட, தடுப்புக்குப் பின்னால் கட்டிலில் படுக்கவைத்துக் கொண்டுபோவதா? நாங்கள் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நைனாதான் இறங்கும்போது, “ஆம்புலன்ஸ் மாரி கீது” என்றார்.

சிறிய வண்டியை அவர் சுற்றிவந்தே பார்த்தார். தண்ணீர் அறுபது லிட்டர்தான். தண்ணீரின் எடை லிட்டருக்கு ஒரு கிலோ; பிக்கப்பின் முதுகுக்கு ஓர் அளவுண்டு; கூடக் கேட்பதில் பொருளில்லை. படுக்கை மேலே இருவருக்கு, கீழே ஒருவருக்கு. கழிப்பறை என்று இருந்தது பலகைக்கு அடியிலிருந்து இழுத்துப் போடும் ஒரு பெட்டி. பின்கதவுக்கு ஏற மூன்று படிகள், செங்குத்தாக. நடுவள் அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாடகைக்கு விடுபவர் ஒரு நிபந்தனை சொன்னார்: வண்டி ஓடும்போது பின்னறையில் ஒருவரும் இருக்கக் கூடாது, எல்லாரும் முன்னால்தான். நைனா அதற்குள் முன்கதவைத் திறந்து ஓட்டுநருக்கு இடப்பக்கம் ஏறி அமர்ந்திருந்தார். மடங்காத காலை நீட்ட அங்கே இடமிருந்தது. கண்ணாடி வழியாக எதிரே வெறும் மதில்தான் தெரிந்தது. ஆனாலும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜான் ஸ்டெய்ன்பெக்கை வாசித்த நண்பர்கள் இங்கே ரோசினான்டேயை நினைத்திருப்பார்கள். 1960இல், ஐம்பத்தெட்டு வயதில், ஒரு ஜிஎம்சி பிக்கப்பின் மேல் அறை கட்டிக்கொண்டு, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரை வண்டிக்கு வைத்தார். நூல் 1962இல் வந்தது. பின்னாளில் அவர் வழியைத் தொடர்ந்து போய் ஆராய்ந்தவர்கள், பல இரவுகளை அவர் விடுதிகளில்தான் கழித்திருக்கிறார் என்று கண்டு சொன்னார்கள். அதை மோசடி என்று சீறுபவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் என்று ஒன்று இருக்கிறது.

சிறிய வண்டியையே எடுத்தோம். தை மாதத்து விடியலில் புறப்பட்டபோது எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்கா, “ஷூட்டிங்கா?” என்று கேட்டார். கேரவன் என்றால் நம் மக்களுக்குக் கோடம்பாக்கம்தான்.

முதல் நாள் கும்மிடிப்பூண்டி, தடா, நெல்லூர், ஓங்கோல். நைனா அதிகம் பேசவில்லை. இருந்த தாபா இல்லை, இல்லாத மேம்பாலம் இருந்தது. சில இடங்களில் கையை மட்டும் நீட்டுவார். அங்கே என்ன இருந்தது என்று சொல்லமாட்டார். பின்னிருக்கையில் அமர்ந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனோம். சிறுவயதில் அவரைக் கண்டதெல்லாம் வாசலில் இறங்கும்போதும் ஏறும்போதும்தான். சாலையைப் பார்த்தபடி அவர் அமர்ந்திருக்கும் கோலத்தை நாங்கள் மூவரும் கண்டதே இல்லை.

தவறு இரண்டாம் இரவில் தெரிந்தது. விஜயவாடாவைக் கடந்து ஒரு பங்கில் நிறுத்தியிருந்தோம். பெட்டிக் கழிப்பறை, பிள்ளைகள் படுத்திருக்கும் அதே அறையில், திரைக்கு அப்பால் இருந்தது. நாங்கள் விழித்துக்கொள்வோம் என்று கூசி, ஓசைப்படாமல் வெளியே இறங்கப் பார்த்திருக்கிறார். இரண்டாம் படியில் கால் தவறியது. முழங்கையில் தோல் உரிந்தது, வேறொன்றும் இல்லை. நடுவள் கட்டுப் போட்டுக்கொண்டே அழுதாள். பெரிய வண்டியில் கம்பி இருந்தது, நான்கே எட்டு என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களிடம் மறுமொழி இருந்திராது. அளவைப் பேசியபோது அவருடைய முகத்தை நினைத்தோம், கூச்சத்தை நினைக்கவில்லை.

மறுநாள் முதல் நைனா முன்னிருக்கையைச் சாய்த்து அங்கேயே உறங்கினார். கதவைத் திறந்தால் ஒரே எட்டில் தரை. பழைய பலகை இதைவிடக் கடினம் என்றார். இளையவன் பின்னறைக்கு வந்துவிட்டான். எங்களுக்கு மெத்தையும் அவருக்குக் கேபினும் என்றாயிற்று.

ராஜமுந்திரியில் 1974இல் திறந்த பழைய கோதாவரிப் பாலத்தை, மேலே சாலையும் கீழே ரயிலுமாக நீண்டு கிடப்பதை, கரையிலிருந்து காட்டினார். விசாகப்பட்டினம் கடந்தோம். ஒடிசாவில் சிலிகா ஏரி தெரியத் தொடங்கும்போது அவர் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. நடுவள் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, போதும் என்றாள். கல்கத்தா இன்னும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நைனா மறுக்கவில்லை. ஏரியோரம் நிறுத்தச் சொல்லி, ஒரு தேநீர் குடித்துவிட்டு, “திருப்பு” என்றார்.

புளியந்தோப்புக்கு வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்று. தெருவில் வண்டியைப் பின்னோக்கி நுழைக்க வேண்டியிருந்தது. இருபுறமும் இருசக்கர வண்டிகள், மேலே கேபிள் வயர்கள் தாழத் தொங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் தடுப்பதற்குள் நைனா இறங்கிவிட்டார். எதிர்வீட்டு வாசலில் கிடந்த ஒட்டடைக் கம்பை எடுத்து, வயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையால் வண்டியின் பக்கத்தைத் தட்டினார். “வரலாம்... வரலாம்... லெப்ட்ல ஒடி... வரலாம்...” தெருவிளக்கில் கட்டுப்போட்ட முழங்கை தெரிந்தது. கூரை வயரைத் தாண்டும்வரை தட்டிக்கொண்டே வந்து, வாசலுக்கு நேராக, “ஹோல்டான்” என்றார்.