அல்ஜியர்ஸ் குன்றின்மேல் ஓர் ஆலயம்

மத்தியதரைக் கடலின் தென்கரையில், வெள்ளைக் கட்டடங்கள் படிப்படியாய் மேலேறும் அல்ஜியர்ஸ் மாநகரிலே, கடலை நோக்கிய குன்றின்மேல் ஆப்பிரிக்க அன்னையின் பேராலயம் நிற்கிறது. 1872-இல் அர்ச்சிக்கப்பட்ட அவ்வாலயத்தில் திருப்பலி முடிந்து நிமிர்ந்தபோது, பீடத்துக்குப் பின்னே பெரிய எழுத்துக்களில் தீட்டிய பிரெஞ்சு வாசகம் நம் கண்ணிற் பட்டது. எங்களுக்காகவும் இஸ்லாமியருக்காகவும் வேண்டிக்கொள்ளும் என்று அன்னையை இரக்கும் மன்றாட்டு அது.

முந்தின நாள் கஸ்பா எனும் பழைய நகருக்குச் சென்றிருந்தோம். 1830-இல் அல்ஜியர்ஸைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், இரண்டே ஆண்டில் அங்கிருந்த கெச்சாவா பள்ளிவாசலைப் பறித்து ஆலயமாக்கினர். பின்னர் தலைமை ஆலயமாக விளங்கிய அது, 1962-இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. அதன் படிகளின் கீழ் நின்றபோது நமக்கு வருத்தம் தோன்றவில்லை, நாணமே தோன்றியது. ஒரு குருவானவர் இவ்வாறு எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும்.

விடுதலைப் போர் 1954 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று மூண்டது. மாண்டோர் சில இலட்சம் என்பர் வரலாற்றாசிரியர். பதினைந்து இலட்சம் என்கிறது அல்ஜீரிய அரசு. 1962 மார்ச் 18 அன்று ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள எவியான் ஊரில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. மறுநாள் நண்பகலில் போர் நிறுத்தம். ஆனால் அமைதி வரவில்லை. பிரிவினையை ஏற்காத பிரெஞ்சு இரகசியப் படையினர் வெடிகுண்டுகளை வைத்தனர். ஜூன் 7 அன்று பல்கலைக்கழக நூலகத்தையும் எரித்தனர். விடுதலை கொண்டாடிய ஜூலை 5 அன்றே ஓரான் நகரில் ஐரோப்பியர் பலர் கொல்லப்பட்டனர். 'பெட்டியா, சவப்பெட்டியா?' என்பதே அந்நாளைய பேச்சு. ஏறக்குறைய பத்து இலட்சம் ஐரோப்பியரில் பெரும்பாலோர் அவ்வாண்டிலேயே கப்பலேறினர். பிரெஞ்சுப் படையிற் சேவித்த இஸ்லாமியரான ஹர்க்கிகளின் கதியோ இன்னும் கொடிது. பல்லாயிரவர் பழிவாங்கப்பட்டு மாண்டனர். தப்பிப் பிரான்சு சேர்ந்தோர் பலரை முள்வேலி முகாம்களே வரவேற்றன.

இந்நகரின் பேராயர் லியோன் எத்தியென் துவால், 1955-லேயே கைதிகளை வதைப்பதைக் கண்டித்தவர். அவருடைய சொந்த மந்தையே அவரை 'முகமது துவால்' என்று ஏளனஞ் செய்தது. மந்தை போனபின்பும் மேய்ப்பர் போகவில்லை. 1965-இல் அல்ஜீரியக் குடிமகனானார். அதே ஆண்டில் கர்தினாலாகவும் உயர்த்தப்பட்டார்.

1996 மே 30 அன்று துவால் மறைந்தார். உள்நாட்டுப் போரின் நடுவே கடத்திக் கொல்லப்பட்ட திபிரின் மடத்துத் துறவியர் எழுவருக்கும் அவருக்கும் ஜூன் 2 அன்று இவ்வாலயத்திலேயே ஒருங்கே அடக்கத் திருப்பலி நடந்தது. ஆகஸ்டு 1 அன்று ஓரான் ஆயர் பியேர் கிளாவரி வெடிகுண்டுக்கு இரையானார். உடன் மாண்டவர் அவருடைய வாகன ஓட்டி, முகமது பூஷிக்கி என்ற இஸ்லாமிய இளைஞர். ஆயரும் துறவியரும் உள்ளிட்ட பத்தொன்பது மறைசாட்சிகள் 2018 டிசம்பர் 8 அன்று ஓரானில் முத்திப்பேறு பெற்றோராக அறிவிக்கப்பட்டனர்.

கர்தினாலின் கல்லறையருகே முழந்தாளிட்டோம். முன்னொரு பங்கிலே, கிணற்றுத் தகராறொன்றில் இரு தரப்பாரும் நம்மைச் சினந்தபோது, மூன்றே மாதத்தில் மாற்றல் கேட்டு ஆயருக்கு நாம் எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. செபம் ஓடவில்லை.

எழுந்து திரும்புகையில், முக்காடிட்ட மூதாட்டி ஒருவர் அன்னையின் கரிய சுரூபத்தின்முன் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். இஸ்லாமியப் பெண்கள் இங்கு வருவது வழக்கந்தான் என்றார் உடன்வந்த குருவானவர். லல்லா மரியம் என்று அழைப்பார்களாம்.