பாட்டு வகுப்பும் பத்து வருஷமும்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடிக்கு இந்தப் புறம் உள்ள பள்ளிக்கூடங்களில் காலைக் கூட்டம் தமிழ்த்தாய் வாழ்த்தோடு ஆரம்பமாகிறது. அதை 55 விநாடிகளில் பாடி முடிக்கவேண்டும் என்பது 2021 டிசம்பரில் வெளியான அரசாணை. அங்கிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் வந்துவிடுகிற அத்திப்பள்ளியில், அதே வேளையில், குவெம்பு இயற்றிய மாநில கீதத்தைப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மைசூர் அனந்தசுவாமி அமைத்த மெட்டே மெட்டு, 2 நிமிஷம் 30 விநாடியே காலம் என்று கர்நாடக அரசாங்கம் 2022-இல் தீர்மானித்தது. எந்த மெட்டு, எவ்வளவு நேரம் என்று வருஷக்கணக்காக நடந்த வாதப் பிரதிவாதங்களுக்குப் பிறகு ஏற்பட்ட தீர்மானம் அது. கைக்கடிகாரம் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கிற ஓசூரில் குடியிருப்பதனாலோ என்னவோ, எல்லைக்கு இருபுறமும் ஒரு பாட்டின் ஆயுளை விநாடிக் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி என் மனத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

நம் அரசாணையில் அந்த 55 விநாடியைவிட முக்கியமான ஒரு வாசகம் இருக்கிறது. இசைத்தட்டை ஓடவிடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாய்ப்பாட்டாகவே வாழ்த்தைப் பாடவேண்டும் என்று அது சொல்கிறது. மிக உயர்ந்த எண்ணம். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் எங்கிருந்து வருவார்கள்? பள்ளிக்கூடத்தில் யாராவது பயிற்றுவித்தால்தானே வருவார்கள்?

வாழ்த்து அமைந்திருப்பது மோகன ராகத்தில், மூன்றன் நடையில். மெல்லிசை மன்னர் விசுவநாதன் அந்த ராகத்தை எடுத்தாண்டது பிள்ளைகளின் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். மோகனத்தில் ஐந்தே ஸ்வரங்கள். ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் அரை ஸ்வர நெருக்கம் எங்கும் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளையின் கண்டம் தடுமாறுவதற்கு அதில் இடமே இல்லை. ஹங்கேரி தேசத்து ஸோல்டான் கோடாய் என்ற சங்கீத மேதை இதையே வேறொரு வழியாகக் கண்டார். குழந்தைகளுக்கு அரை ஸ்வரங்கள் கடினம், ஆகையால் ஐந்து ஸ்வரங்களால் ஆன நாட்டுப் பாடல்களிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நம்முடைய முறையோ மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. அதில் அரை ஸ்வர நெருக்கங்கள் நான்கு இருந்தாலும், மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே அளவில் அமைந்திருப்பதால், ஒன்றைப் பிடித்த பிள்ளைக்கு மற்றது தானே வந்துவிடும். இரண்டில் எது சரி என்று வாதம் செய்ய எனக்கு விருப்பமில்லை. காலைக் கூட்டத்தில் மோகனமும் வகுப்பறையில் மாயாமாளவகௌளையும் இருந்தால் குழந்தைக்கு இரண்டு லாபமும் கிட்டுமல்லவா?

தேன்கனிக்கோட்டைச் சாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒரு காலை நான் கண்டதைச் சொல்கிறேன். பெண் குழந்தைகளின் சாரீரத்தை உத்தேசித்து ஐந்து கட்டைக்கு எடுத்த சுருதி. கைப்பேசித் தம்புரா மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். தொண்டையிலிருந்து ஓசையே எழும்பவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பாட்டு டீச்சர் அவனைத் தனியே அழைத்து, சுருதியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி, "பாட வேண்டாம் தம்பி, வாயை மூடிக்கிட்டு 'ம்'னு மட்டும் சொல்லு" என்றார். இரண்டு மூன்று தடவை எங்கெங்கோ அலைந்த அந்த முனகல், ஒரு கணத்தில் ஷட்ஜத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. அப்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிற பையன். ஏழாம் வகுப்பு வரையில் முன்வரிசையில் நின்று பாடினவன். குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு, ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிட்ட தன் குரலோடு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வருஷமாக மௌனமாக இருந்திருக்கிறான். 'உனக்குப் பாட வராது' என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை; அவனே தனக்குச் சொல்லிக்கொண்டுவிட்டான். நம் தேசத்தில் கோடிக்கணக்கான ஆண்கள் பதின்மூன்று பதினான்கு வயதில் இப்படித் தங்களுக்குத் தாங்களே தீர்ப்பெழுதிக்கொண்டு, ஆயுள் முழுவதும் வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள் என்பது என் திடமான நம்பிக்கை. பரீட்சையைக் காரணம் காட்டிப் பாட்டு வகுப்பை நிறுத்துவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான்.

பள்ளிக்கூடத்துக் கூட்டுப்பாட்டை நினைக்கும்போதெல்லாம் என் மனம் மதனப்பள்ளிக்குப் போய்விடுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம், பலமனேர் வழியாகப் புறப்பட்டால் அரை நாளில் சேர்ந்துவிடலாம். அன்னி பெஸன்ட் அம்மையார் நிறுவிய கல்லூரி அங்கே இருக்கிறது. 1919 பிப்ரவரியில், தென்னாட்டு யாத்திரையின் நடுவே இளைப்பாறுவதற்காகத் தாகூர் அந்தக் கல்லூரிக்கு வந்து தங்கினார். அப்போது அதன் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் கஸின்ஸ் என்ற ஐரிஷ் கவி. அவருடைய மனைவி மார்கரெட், டப்ளினில் சங்கீதப் பட்டம் பெற்றவர். பிப்ரவரி 28-ஆம் தேதி மாணவர்களின் பாட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்த கவியை ஒரு பாட்டுப் பாடும்படி வேண்டிக்கொண்டபோது, ஏழு வருஷத்துக்கு முன் கல்கத்தாக் காங்கிரஸில் அரங்கேறியிருந்த 'ஜன கண மன'வை அவர் வங்காளியில் பாடினார். ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாத தென்னாட்டுப் பிள்ளைகள், இரண்டாவது மூன்றாவது கண்ணியிலேயே பல்லவியைப் பிடித்துக்கொண்டு உடன் பாடத் தொடங்கிவிட்டார்களாம். அடுத்த நாட்களில் மார்கரெட் அம்மையார் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்வரமாகச் சரிபார்த்து, மெட்டைக் குறிப்பெழுதிக் கவியிடம் பாடிக் காட்டினார். அவரும் அதை அங்கீகரித்தார். அந்தப் பாட்டின் ஆங்கில வடிவத்தையும் தாகூர் அங்கேதான் எழுதினார். 1950 ஜனவரி 24-ஆம் தேதி தேசிய கீதமாகி, 52 விநாடியில் நாம் பாடுகிற அந்தக் கீதத்தின் சரித்திரத்தில் மதனப்பள்ளி அழியாத இடம் பெற்றது இவ்வாறு.

இந்தச் சம்பவத்தில் என்னை மீண்டும் மீண்டும் இழுப்பது கவியின் மகிமை அல்ல. அதை உலகம் அறியும். கேட்டதும் பிடித்துக்கொள்ளக்கூடிய காதுகள் அந்தப் பிள்ளைகளிடம் இருந்தன, பிடித்ததை எழுதி நிறுத்தக்கூடிய ஆசிரியை ஒருவர் அவர்கள் அருகில் இருந்தார் என்ற அந்த இரண்டு விஷயங்களே என்னை இழுக்கின்றன. அவை இல்லாமற் போயிருந்தால் கவி பாடிவிட்டுப் போயிருப்பார். கரகோஷம் செய்துவிட்டு எல்லாரும் படுக்கப் போயிருப்பார்கள். மார்கரெட் அம்மையார் பிறந்தது 1878-ஆம் வருஷம். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்ததும் அதே வருஷம். சங்கீத வித்துவான் அல்லாத ராஜாஜி முதிர்ந்த வயதில் எழுதிய 'குறை ஒன்றும் இல்லை' என்ற பாட்டை, எம்.எஸ். அம்மாள் பாடக் கேட்டுக் கேட்டே, ஒரு நாளும் பாட்டுக் கற்றுக்கொள்ளாத பெண்கள் எத்தனையோ பேர் இன்று மூன்று ராகங்களும் பிசகாமல் பாடுகிறார்கள். காது என்பது அத்தனை சக்தி வாய்ந்தது. அதைப் பள்ளிப் பருவத்தில் பழக்காமல் விடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

எங்கள் பிரதேசத்துக்கு இதில் தனியான ஒரு பாக்கியமும் உண்டு. இங்கே ஒரு வகுப்பறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்ற நான்கும் புழங்குகின்றன. சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளால் ஹிந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களை வகுத்தவர் என்று போற்றப்படும் புரந்தரதாசர் பாடியது கன்னடத்தில். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் தாண்டிப் பிள்ளை முதன்முதலில் கற்கும் மலஹரி ராக கீதங்கள் அவருடையவை. அவற்றில் ஒன்று, ஏரி நீரை எடுத்து ஏரிக்கே வார்ப்பதைப் போல இறைவன் தந்ததை இறைவனுக்கே சமர்ப்பிப்பதைச் சொல்கிறது. மயிலாப்பூரில் அதைக் கற்கிற பிள்ளை பொருள் அறியாமல் உருப்போடவேண்டும். ஓசூர் ராமநாயக்கன் ஏரிக்கரையில் வளர்கிற கன்னட வீட்டுப் பிள்ளைக்கோ அது பாட்டி பேச்சைப் போல விளங்கிவிடுகிறது. தமிழ் வகுப்பில் வாய் திறக்கக் கூசுகிற அதே குழந்தை, பாட்டு வகுப்பில் பக்கத்துப் பிள்ளைக்கு அர்த்தம் சொல்லிக்கொடுக்கிறது. தியாகராஜருடைய கீர்த்தனைக்கு வருகிறபோது அந்த உபாத்தியாயர் பதவி தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு வந்துவிடும். திருப்புகழுக்கு வந்தால் தமிழ்ப் பிள்ளைக்கு. பாஷையால் பிரிந்து உட்காருகிற பிள்ளைகளை ஒரே சுருதியில் சேர்த்து உட்காரவைப்பதற்கு இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை.

தாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நான்காம் வகுப்புக் குழந்தை தொடையில் ஒரு தட்டுத் தட்டி, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணி, பின் தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களைப் போடுகிறது. முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை வேகம் மாறவே கூடாது. ஸ்வரம் மட்டும் இரட்டித்துக்கொண்டு போகவேண்டும். மூன்றாம் காலம் முதன்முதலாகப் பிசகாமல் வந்து முடிகிறபோது குழந்தை தானாகச் சிரித்துவிடும். விகிதம் என்பது கரும்பலகைக்கு வருவதற்கு வெகு முன்பே அதன் கைக்கு வந்துவிட்டது. கணக்குப் பாடத்துக்காகப் பாட்டுப் பாடத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு கலைகளை மூன்று வருஷம் கற்பிக்கிறார்கள். அதில் சேருவதற்கு வயது பன்னிரண்டு ஆகவேண்டும். காது மெழுகைப் போல இளகியிருக்கிற ஆறு வருஷங்கள் அதற்குள் கடந்துவிடுகின்றன. 2012-இல் அரசுப் பள்ளிகளின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்காக ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பிற்பாடு சம்பளம் சிறிது சிறிதாக உயர்ந்ததே தவிர, வேலை பகுதிநேரமாகவே நீடித்தது. 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழா எத்தனையோ பிள்ளைகளை மேடையேற்றியது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் விழா என்பது பாடத் தெரிந்த பிள்ளையைத் தேடி எடுப்பது. வகுப்பு என்பது பாடத் தெரியாத பிள்ளையைப் பாடவைப்பது. பின்வரிசையில் வாயசைத்த அந்தப் பையன் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கமாட்டான்.

கோடாய் தாம் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950-இல் ஒரு பள்ளி தொடங்கச் செய்தார். அங்கே சாதாரணப் பிள்ளைகளுக்கு, மற்றப் பாடங்களோடு, தினந்தோறும் சங்கீத வகுப்பு நடந்தது. அந்த மாதிரியில் பின்னால் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் அந்தச் சிறு தேசத்தில் எழுந்தன. தலைநகரத்து இசை நாடக மன்றத்துக்கு யார் தலைவர் என்பதைக் காட்டிலும், ஒரு மூலையிலுள்ள சிற்றூரில் யார் பாட்டு வாத்தியார் என்பதே முக்கியம் என்று 1929-இலேயே அவர் வாதித்திருக்கிறார். மோசமான தலைவரைச் சீக்கிரமே விலக்கிவிடலாம். மோசமான வாத்தியாரோ முப்பது வருஷம் பிள்ளைகளிடம் இசை ஆசையை அழித்துக்கொண்டே இருப்பார் என்பது அவர் சொன்ன காரணம். நானும் அதே கட்சிதான். மார்கழிக் கச்சேரியில் இந்த வருஷம் யார் பாடுகிறார் என்பதைவிட, தளியிலும் அஞ்செட்டியிலும் பேரிகையிலும் பாட்டு டீச்சர் உண்டா என்பதையே நான் விசாரிப்பேன்.

ஆகையால் இந்தப் பகுதித் தொழிற்சாலைகளின் நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். நீங்கள் பள்ளிகளுக்குக் கட்டடம் கட்டித் தருகிறீர்கள், கழிப்பறை கட்டித் தருகிறீர்கள், கணினி தருகிறீர்கள்; எல்லாம் தேவையானவை. அரசாங்கத்தின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் மூலமாகவோ நேரடியாகவோ, ஒரு பள்ளிக்கு ஒரு பாட்டு ஆசிரியரின் முழுச் சம்பளத்தைப் பத்து வருஷத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்துக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தவேண்டாம்; ஒன்றாம் வகுப்பில் சேருகிற குழந்தை பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அதே ஆசிரியர் இருக்கட்டும். தலைமையாசிரியர்களே, அந்த ஆசிரியரின் வகுப்பு வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காமல் காப்பாற்றுங்கள்.