முதல் போத்தல்

நான் சாராயம் காய்ச்சப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்பதை அம்மாவிடம் சொல்ல ஏழு வாரம் ஆனது. தினமும் பேசுகிறவர்கள்தான் நாங்கள். சுங்கை பட்டாணியில் மதியத் தூக்கம் கலைந்து அவர் அழைக்கும்போது எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். சாப்பிட்டியா, அங்க குளுரு எப்படி, சம்பளம் போட்டாங்களா. இந்த மூன்றுக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துணி துவைக்கும் அறையில் முப்பது லிட்டர் வாளி ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருக்கும். கைப்பேசியை அந்தப் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. கல்யாணத்தில் மாமாக்கள் பீர் போத்தலைத் திறந்தால் அம்மா எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவார். காரணம் தாத்தா. பால்மரம் வெட்டியவர், சம்சு குடித்தவர், ஐம்பத்தொரு வயதில் செத்தவர். தாத்தாவைப் பற்றி நான் வளர்ந்த வீட்டில் கிடைத்த தகவல் இவ்வளவுதான். ஒரு புகைப்படம் உண்டு. அடையாள அட்டைக்காக எடுத்து, பிறகு பெரிதாக்கியது. முகம் கொஞ்சம் கலங்கித் தெரியும். அது பெரிதாக்கியதால் வந்த கலங்கல் என்று பாட்டி சொல்வார்.

நான் இப்போது இருப்பது நியூசிலாந்தில், ஆக்லாந்துக்கு மேற்கே ஹெண்டர்சனில். குளிர்சாதனம் பழுதுபார்க்கும் வேலை. வாடகை வீட்டின் பின்னால் மூன்று ஃபிஜோவா மரங்கள் இருக்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம், நம் கொய்யாவின் குடும்பம். பழம் முட்டை அளவில் பச்சையாகவே இருக்கும், பழுத்தால் தானாக விழும். மார்ச் கடைசியில் விழ ஆரம்பித்தால் பின்கட்டு முழுக்க வழுக்கும். இங்கே வீட்டு வாசல்களில் வாளி வாளியாக வைத்து 'இலவசம்' என்று எழுதியிருப்பார்கள். பாதி வீடுகளில் மரம் நிற்கிறது, யார் எடுப்பது? முதல் வருடம் நானும் தின்று, ஜாம் கிண்டி, வேலையிடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கடைசியில் மண்வெட்டியால் அள்ளிக் குப்பையில் போட்டேன். தோட்டத்தில் வளர்ந்த ஒருத்தியின் பிள்ளைக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபத்தைந்து வயதிருக்கும். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். நாம் எப்படி உறவு என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டார், பிறகு விட்டுவிட்டார். அவருடைய தாத்தா இன்றைய குரோவேஷியாவின் டால்மேஷியா கடற்கரையிலிருந்து வந்தவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து நிறைய பேர் இந்த நாட்டின் வடக்குக்கு வந்தார்கள். கௌரி மரத்தின் பிசின் காலங்காலமாக மண்ணுக்குள் புதைந்து இறுகிக் கிடக்கும். அதை ஈட்டியால் குத்திப் பார்த்துத் தோண்டி எடுக்கும் வேலை. வார்னிஷுக்கும் லினோலியத்துக்கும் அது ஏற்றுமதியானது. வந்தேறிகள் எங்கள் பிசினை எடுக்கிறார்கள் என்று கூச்சல் கிளம்பி, அவர்களைக் கட்டுப்படுத்த 1898இல் தனிச் சட்டமே போட்டார்கள். தோண்டிச் சேர்த்த காசில் சிலர் இந்தப் பக்கம் நிலம் வாங்கித் திராட்சை போட்டார்கள். இன்று நியூசிலாந்து வைன் என்று உலகம் முழுக்க விற்பதில் அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்தில் அவர்களுடைய வைனைக் கிண்டல் செய்துகொண்டே வாங்கிக் குடித்திருக்கிறார்கள்.

என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர் என்று சொன்னேன். "அப்படியென்றால் இரண்டு பேரும் பிசின்காரன் பேரப்பிள்ளைகள்" என்று சிரித்தார். அடுத்த வாரம் அவருடைய கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கொப்பரையைக் காட்டினார். இருபத்தைந்து லிட்டர், செம்புத் தலை வைத்தது. அவர் வீட்டில் அதில் வடிப்பதை ராகியா என்கிறார்கள்.

எனக்கு முதலில் வந்தது பயம்தான். போலிஸ்? அவருக்கு என் பயம் புரியவில்லை. வீட்டில் தன் உபயோகத்துக்குக் காய்ச்சுவதை நியூசிலாந்து 1996லேயே அனுமதித்துவிட்டது. விற்கத்தான் கூடாது. கொப்பரை, ஈஸ்ட், கண்ணாடி மீட்டர் எல்லாம் கடையில் ரசீது போட்டுக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் இதுவே 1976ஆம் வருடக் கலால் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் வீட்டுத் தேவைக்கு பீரும் வைனும் புளிக்க வைக்கலாம், வடிக்க முடியாது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் ரம்புத்தான் வாங்கப் போய்விட வேண்டாம்.

முதல் முறை நான் செய்தது அடிப்பிடித்த பாயசம். சதையைச் சுரண்டி, ஊறல் போட்டு, மூன்று வாரம் கழித்துச் சக்கையோடு அப்படியே கொப்பரையில் ஊற்றிவிட்டேன். சக்கை அடியில் கருகி, வடிந்ததெல்லாம் புகை வாசம். பெரியவர் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் செடிக்கு ஊற்றினார். கண்டென்சரைக் கழற்றி மாட்டுவது எனக்குத் தினப்படித் தொழில், செம்புக் குழாயை ஒட்டத் தெரியும், வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லத் தெரியும். வடிகட்டத் தோன்றவில்லை.

இரண்டாம் முறை முப்பத்தைந்து கிலோ பழம். துணியில் பிழிந்து, தெளிந்ததை மட்டும் எடுத்தேன். சர்க்கரை சேர்க்கட்டுமா என்று கேட்டதற்குப் பெரியவர் கூடாது என்றுவிட்டார். இரண்டு தடவை காய்ச்ச வேண்டும். முதல் தடவை வருவதையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவதில்தான் பிரிப்பு. வேலையின் சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நூறு மில்லி பிடிக்கும் சின்னப் போத்தல்களை வரிசையாக வைத்து எண் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று நிறைந்ததும் அடுத்தது. தீயைக் குறைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போகக் கூடாது. நீராவி மாதிரிதான் தெரியும், ஆனால் தீப்பிடிக்கும் ஆவி அது.

அன்று மொத்தம் பதினான்கு போத்தல். முதல் மூன்று மூக்கைத் துளைத்தன. நான்காவதில் சட்டென்று பழம் வந்தது. மரத்தடியில் மழைக்குப் பிறகு நிற்கும்போது அடிக்கிற வாசம், இன்னும் கூர்மையாக. அது பத்தாவது வரை நின்றது. பதினொன்றிலிருந்து நனைந்த அட்டைப்பெட்டி. ஆங்கிலத்தில் இவற்றைத் தலை, இதயம், வால் என்று சொல்கிறார்கள். தலையையும் வாலையும் ஒதுக்கினேன். மிஞ்சியது ஏழு போத்தல். தண்ணீர் கலந்து 42 சதவீதத்துக்கு இறக்கியபோது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். முப்பத்தைந்து கிலோ பழத்துக்கு அவ்வளவுதான்.

அன்று இரவு தூங்காமல் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது மெத்தனால் பற்றி. பழத்தில் இருக்கும் பெக்டின் உடையும்போது அது கொஞ்சம் உண்டாகும். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78.3 டிகிரியில். அதனால் முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும் என்று என்னைப் போன்ற கத்துக்குட்டிகள் நம்புகிறோம். அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. தண்ணீரும் எத்தனாலும் கலந்த ஊறலில் மெத்தனால் முன்னாலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடாது. கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே வரும். நல்ல பழ ஊறலில் அது குறைவு என்பதுதான் நமக்குள்ள பாதுகாப்பு. முதல் போத்தலில் மூக்கைத் துளைப்பது பெரும்பாலும் எத்தில் அசிடேட், நகப்பூச்சு அழிக்கும் வாசம். மனிதர்களைக் கொத்தாகக் கொல்வது வேறு. தொழிற்சாலைக்கான மெத்தனாலை எவனோ மலிவாக வாங்கிப் போத்தலில் கலக்கிறான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது அப்படித்தான். பலர் வெளிநாட்டுத் தொழிலாளிகள். உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைப் பிடிக்கும்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குள் ஒரு வழக்கு தயாராகிக்கொண்டிருந்தது. தாத்தாவுக்காக. அவர் குடித்ததில் யாராவது ஏதாவது கலந்திருக்க வேண்டும். தோட்டத்தில் நிர்வாகமே கள்ளுக்கடை நடத்தி, கொடுத்த கூலியைச் சாயங்காலமே திரும்பி வாங்கிக்கொண்ட வரலாறு நமக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. 1947இல் எங்கள் கெடாவிலேயே தொண்டர் படை கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தது. தாத்தாவின் காலத்தில், அவருடைய லயத்தில், கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்துவிட்டிருந்தது. சம்சு என்றால் சீனத்தில் மூன்று முறை சுட்டது என்று பொருள் சொல்வார்கள். பிராந்தி என்ற சொல்லும் டச்சு மொழியில் 'சுட்ட வைன்' என்பதிலிருந்து வந்ததுதான். இரண்டும் ஒரே தீ. எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது.

மறுநாள் அம்மா அழைத்தபோது சொல்லிவிட்டேன்.

"அம்மா, ஒன்னு சொல்லணும்."

"பொண்ணு ஏதும் பாத்துட்டியா?"

"இல்லம்மா. சாராயம் காய்ச்சறேன்."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "யாருக்கு விக்கிற?"

"விக்கல. சும்மாதான்."

"சும்மா எவனாச்சும் சாராயம் காய்ச்சுவானா?"

சட்டம், மரம், பெரியவர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அந்தத் தைரியத்தில் என் வழக்கையும் எடுத்துவைத்தேன். தாத்தா குடித்ததில் விஷம் இருந்திருக்கலாம், காய்ச்சியவனைத்தான் கேட்க வேண்டும், மெத்தனால், ஃபார்மிக் அமிலம். அம்மா இடையில் புகுந்தார்.

"ஒருத்தனும் ஒன்னும் கலக்கல. உங்க தாத்தா பதினெட்டு வருசம் குடிச்சாரு. ஈரல் போச்சு. வயிறு ஊதிப்போயி ஆஸ்பத்திரில கெடந்து செத்தாரு. அதுக்கு எதுக்குடா நீ கணக்கு போடற?"

எனக்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை. சம்சு வாங்கப் போனது அம்மாதான். ஒன்பது வயதிலிருந்து. தவுக்கே கடையில் அவர் பெயரைச் சொன்னாலே 555 புத்தகத்தை எடுத்துவிடுவார்களாம். அரிசி, பருப்பு, கருவாடு, கூடவே ஒரு சின்னப் போத்தல். கடைக்காரர் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தருவார். அம்மா பாவாடை மடியில் வைத்துக்கொண்டு கோயில் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு லயத்துக்கு வருவார். மாதக் கடைசியில் பாட்டி அந்தக் கணக்கைப் பார்த்துச் சண்டை போடும்போது, தாத்தாவுக்குப் போடுகிற அடி அம்மாவுக்கும் விழும். வாங்கிட்டு வந்தவ நீதானே.

"கீழ போட்டு ஒடைச்சிரலாம்னு எத்தனையோ நாளு நெனச்சிருக்கேன். ஒரு நாளும் ஒடைக்கல. கடன்ல வாங்கினது இல்ல."

சற்று நேரம் கழித்து அவரே கேட்டார். "அந்த மொதல்ல வர்றது நாறும்னு சொன்னியே. அத என்னா பண்ணுவ?"

"ஊத்திருவேன்மா."

"ஊத்திருவியா? எவ்ளோ?"

"மொதல்ல கொஞ்சம், கடைசில கொஞ்சம். பாதிக்குப் பாதி போயிரும்."

"ம்" என்றார். "பழம் சும்மா கெடைக்குதில்ல."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த நாளிலிருந்து பழைய மூன்று கேள்விகளும் திரும்ப வந்தன. நான் இன்னொரு ஊறல் போட்டு வடித்தேன். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, முதல் போத்தலை ஊற்றக் கை போகவில்லை. காய்ச்சுகிறவர்கள் அதை வீணாக்குவதும் இல்லை, கண்ணாடி துடைக்க வைத்துக்கொள்வார்கள். மூடி, எண் போட்டு, அலமாரியில் வைத்தேன்.

ஆகஸ்டில் அம்மா இங்கே வந்தார். முதல் விமானப் பயணம். குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தார். துணி துவைக்கும் அறையில் கொப்பரையைத் தட்டிப் பார்த்து, "இட்லிப் பானை கணக்கா இருக்கு" என்றார். அலமாரியில் வரிசையாக இருந்த போத்தல்களில் நான்காம் எண்ணைத் திறந்து நீட்டினேன். முகர்ந்துவிட்டு, "கொய்யா" என்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு அவரே கையை நீட்டி ஓரத்தில் இருந்த முதல் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். முகர்ந்தார். போத்தலை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. நான் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல அவர் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா" என்றார்.

என்னைக் கூப்பிடவில்லை. எனக்குச் சொல்லவும் இல்லை.

மூடியை இறுக்கி மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "இத எதுக்கு வச்சிருக்க?"

"கண்ணாடி தொடைக்க, ஸ்டிக்கர் பசை எடுக்கன்னு வச்சிருக்கேன்மா. நல்லா எடுக்கும்."

அம்மா எந்த ஜாம் போத்தலையும் தூக்கிப் போடாதவர். நான் மறுசுழற்சிப் பெட்டியில் போட்டு வைத்திருந்த காலிப் போத்தல்களை வந்த அன்றே எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ஒட்டுத்தாள் பாதி கிழிந்து, பசை ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய துணி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சம் ஊற்றி, முதல் ஜாடியைத் தேய்க்க ஆரம்பித்தார். சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். குளுரும் என்றார்.