வண்டிக்கு ஏற்ற டயர் எது?



மதரசாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர் டயரைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் வியப்படையக் கூடும். நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாசலில் நிற்கிறது. சிலர் தோட்டத் தொழிலுக்காக வாங்குகின்றனர். சிலர் ஆசைக்காக வாங்குகின்றனர். எதற்காக வாங்கினாலும், வீட்டு இளைஞர்கள் முதலில் மாற்ற நினைப்பது டயரைத்தான். கம்பெனி கொடுத்தது அவர்கள் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிகிறது. அந்த வண்டியில்தான் நம் வீட்டு முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் பயணம் செய்கின்றனர். ஆகவே, இது இளைஞர் விவகாரம் என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடலாகாது.

என் தங்கையின் குடும்பம் கம்பத்தில் வசிக்கிறது. அப்பகுதியைச் சேர்ந்த நம்மவர் பலருக்கு மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் இருப்பது நீங்கள் அறிந்ததே. தங்கை மகன் தோட்டத்தைக் கவனித்துக்கொள்கிறான். அவன் வைத்திருப்பது மஹிந்திரா தார். 2020 அக்டோபர் 2ஆம் நாள் விற்பனைக்கு வந்த அந்தப் புதிய தார் இரண்டு டயர் அளவுகளில் கிடைத்தது. ஏ.எக்ஸ். வகைக்கு 245/75 ஆர் 16, எல்.எக்ஸ். வகைக்கு 255/65 ஆர் 18. அவனுடையது முதல் வகை. டயர்கள் தேய்ந்து புதியன வாங்க வேண்டிய நேரத்தில், 285/75 ஆர் 16 அளவில் சேற்று டயர் போட வேண்டுமென்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். "மாமா, மழைக்காலத்தில் நீங்கள் ஒருநாள் தோட்டத்துப் பாதையில் வந்து பாருங்கள், பிறகு சொல்லுங்கள்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்தப் பாதை பாதையாகவே இராது.

ஆனால், என் தங்கைக்கு முதுகுத்தண்டில் நோய். மாதத்தில் இருமுறை மதுரைக்குச் சிகிச்சைக்குச் செல்கிறாள். அவளை அழைத்துச் செல்வதும் இதே வண்டிதான். எனவே, கடைக்குப் போகுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

டயரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் புதிர் அல்ல. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு உயரம் டயரின் பக்கச் சுவருக்கு உண்டு என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டுப் பார்த்தால் பக்கச் சுவர் 184 மில்லிமீட்டர்; முழுச் சக்கரத்தின் விட்டம் 774 மில்லிமீட்டர். பதினெட்டு அங்குல ரிம் கொண்ட மற்றொரு வகையில் பக்கச் சுவர் 166 மில்லிமீட்டர்தான். பெரிய ரிம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். கல்லிலும் குழியிலும் அதிர்ச்சியைத் தாங்குவதோ ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றுமே. கரடுமுரடான பாதைக்குச் சிறிய ரிம்மும் உயர்ந்த பக்கச் சுவரும் நல்லவை என்பதற்கு இதுவே காரணம்.

இனி, அவன் விரும்பிய 285/75 ஆர் 16. அதன் விட்டம் 834 மில்லிமீட்டர். பழைய டயரைவிட 60 மில்லிமீட்டர் அதிகம். அச்சு உயர்வது இதில் பாதி, அதாவது 30 மில்லிமீட்டர். மூன்று செண்டிமீட்டர் உயர்வு சில பாறைகளைக் கடக்க உண்மையிலேயே உதவும். ஆயினும், அதற்கு ஈடாகக் கொடுப்பவை பல. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு கூடுதலாக முன்னேறும். முன்பு சரியாகக் காட்டிய ஸ்பீடாமீட்டர் இப்போது 80 காட்டும்போது வண்டி 86 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். சக்கரம் பெரிதானதால் எஞ்சினின் இழுவை குறையும்; ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே ஏற வேண்டிவரும். எடை கூடிய சக்கரத்தை நிறுத்த பிரேக் அதிகம் உழைக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் உடற்பாகத்தில் உரசவும் கூடும். இவற்றோடு, முதுகுவலிக்காரி ஒருத்தி ஏறி இறங்க வேண்டிய படியும் அந்த மூன்று செண்டிமீட்டர் உயர்ந்துவிடும்.

"அப்படியானால் நடுவில் ஒன்றாக 265/75 ஆர் 16 போடலாமே?" என்றான். அதையும் கணக்கிட்டோம். விட்டம் 804 மில்லிமீட்டர். வேக வேறுபாடு நூற்றுக்கு நான்கு. கிடைக்கும் உயர்வு ஒன்றரைச் செண்டிமீட்டர்!

அகலமான டயர் சேற்றில் எப்போதும் சிறந்தது என்பதும் சரியன்று. நான் வரலாறு படித்தவன். அதனால் ஒரு செய்தியைச் சொல்கிறேன். மஹிந்திரா நிறுவனம் 1945இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்ட் முஹம்மது'. பங்குதாரராக இருந்த குலாம் முஹம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனம் இன்றைய பெயரைப் பெற்றது. வில்லீஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது அந்நிறுவனமே. இரண்டாம் உலகப் போரில் சேற்றிலும் பனியிலும் ஓடிய அந்த ஜீப்பின் டயர் 6.00-16, அகலம் ஆறே அங்குலம். மேலே இளகிய சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள இடத்தில் ஒல்லியான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே பிடிப்பைத் தேடிக்கொள்ளும். அடியில் கெட்டித் தரையே இல்லாத மணலில்தான் அகலம் கைகொடுக்கும்.

மணலிலும்கூட அனுபவசாலிகள் முதலில் மாற்றுவது டயரின் காற்றை. வளைகுடா நாடுகளில் பாலைவனத்தில் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மணலில் இறங்குமுன் காற்றை 15 முதல் 18 பவுண்டு வரை குறைத்துக்கொள்வார்கள். டயர் நீளவாக்கில் படிந்து தரையில் அதிக இடத்தைத் தொடும். சேற்றிலும் கல்லிலும் அவ்வளவு குறைக்க வேண்டியதில்லை. ஓரளவு குறைத்தாலே பிடிப்பு கூடும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்பியாக வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி வெடித்துவிடும்.

அடுத்து, பட்டன். நெடுஞ்சாலைக்கென எச்.டி., இருவகைப் பாதைக்குமென ஏ.டி., சேற்றுக்கென எம்.டி. என்று மூவகை உண்டு. எம்.டி. டயரின் பட்டன்களுக்கு இடையே பெரிய இடைவெளி இருக்கும். சேறு அதன் வழியே வெளியேறும். அந்த இடைவெளியினாலேயே தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. மழையில் நனைந்த சாலையில் பிரேக் போட்டால் வண்டி நிற்க அதிகத் தூரம் பிடிக்கும். இரைச்சலும் எரிபொருள் செலவும் தனி.

வண்டி ஓடும் தூரத்தையும் எழுதிப் பார்த்தோம். மாதம் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். அதில் மண்பாதை 120 கிலோமீட்டர். நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. அவன் விடவில்லை. "நூற்றில் எட்டு என்றாலும் அந்த எட்டைக் கடக்காமல் தோட்டத்துக்குப் போக முடியாதே, மாமா!" என்றான். நல்ல கேள்வி. நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். மண்பாதையில் டயர் தோற்றால் வண்டி நிற்கும். ஒரு மணி நேரம் வீணாகும். தேனிச் சாலையில் மழையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் டயர் தோற்றால் வீணாவது நேரமாக இராது. எந்தப் பாதையில் தோல்வியின் விலை அதிகமோ, அந்தப் பாதையை வைத்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். மற்றப் பாதைக்குப் பட்டனும் காற்றும் ஓட்டுபவரின் பொறுமையும் துணை நிற்கும்.

முடிவில், கம்பெனி சொன்ன 245/75 ஆர் 16 அளவிலேயே ஏ.டி. வகை டயர்கள் ஐந்தும், காற்றடிக்கும் சிறு இயந்திரமும், அழுத்தம் பார்க்கும் கருவியும் வாங்கினான். அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. ஒருமுறை வண்டி சேற்றில் அமிழ்ந்து, அடுத்த தோட்டத்து ஜீப் கயிறு கட்டி இழுத்தது உண்மை. பெரிய டயராக இருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். அந்த அரைநாள் இழப்பை அவன் மனமுவந்து ஏற்றுக்கொண்டான்.

வாசகர்களே, நீங்கள் டயர் வாங்கச் செல்லும்போது சிலவற்றைக் கவனியுங்கள். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணும் எழுத்தும் டயர் தாங்கும் எடையையும் வேகத்தையும் குறிப்பவை. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ; 112 என்றால் 1,120 கிலோ. கியூ என்றால் 160 கிலோமீட்டர். எஸ் என்றால் 180. வண்டிக்கு விதித்த அளவுக்குக் கீழே எக்காரணத்தாலும் இறங்காதீர்கள். நான்கு இலக்கத்தில் உற்பத்தி நாள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நிறுவனம் அனுமதிக்காத மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை விதிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் எழக்கூடும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் நான்கு டயர்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறுபட்டால் இயந்திரத்தின் உள் பற்சக்கரங்கள் பழுதாகும். ஸ்டெப்னிக்கும் இதுவே விதி. பின்கதவில் தொங்குவதால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த பயணத்திற்குக் குடும்பத்தை ஏற்றுமுன் அந்த ஐந்தாவது சக்கரத்தின் காற்றையும் பார்த்துவிடுங்கள்.